சோயா விவசாயியைப் பிழியும் எண்ணெய்க் கொள்கை

மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, ராஜஸ்தான் மாநிலங்களின் மண்டிகளில் இந்த ஆண்டின் சோயா பீன்ஸ் அறுவடை வந்து குவிந்திருக்கிறது. 2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். மத்தியப் பிரதேச அரசு நவம்பர் மாதத்தில் நாள்தோறும் அறிவித்த சராசரிச் சந்தை விலையோ 4,000 ரூபாயை ஒட்டியே நின்றது. அரசு வாக்களித்த விலைக்கும் விவசாயியின் கைக்கு வரும் விலைக்கும் இடையே குவிண்டாலுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் இடைவெளி. ஈரப்பதம், நிறம் மங்கல், மழையில் அடிபட்ட மணி என்று காரணம் காட்டி வியாபாரிகள் அதற்கும் கீழே விலை கேட்கின்றனர்.

இந்தியாவில் எண்ணெய் வித்து தேவைக்கு மேல் விளைந்து குவிந்துவிட்டதால் விலை சரிந்ததா என்றால், இல்லை. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் 57 சதவீதம் இறக்குமதியால் நிறைவு செய்யப்படுவதாக ஒன்றிய அரசே கூறுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 160 லட்சம் டன் எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து பாமாயில். அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து சோயா எண்ணெய். ரஷ்யா, உக்ரைனிலிருந்து சூரியகாந்தி எண்ணெய். இதற்காக ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி வெளியேறுகிறது. எண்ணெய்க்கு இவ்வளவு பற்றாக்குறை உள்ள ஒரு நாட்டில், எண்ணெய் வித்து விளைவிக்கும் விவசாயிக்கு ஆதரவு விலைகூடக் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் உழைக்கும் மக்களின் அடுப்படியில் எண்ணெய்ச் செலவும் குறையவில்லை. இரு முனைகளிலும் மக்கள் இழக்கும்போது நடுவில் இருப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது.

வித்துக்குள் இருக்கும் கணக்கு

நூறு கிலோ சோயாவை ஆலையில் அரைத்தால் சுமார் 18 கிலோ எண்ணெய் கிடைக்கும்; சுமார் 80 கிலோ பிண்ணாக்காக வெளிவரும். கடுகிலும் எள்ளிலும் நிலக்கடலைப் பருப்பிலும் எண்ணெயின் பங்கு இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எனவே அவற்றைச் செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ அழுத்திப் பிழிந்தாலே பெரும்பகுதி எண்ணெய் இறங்கிவிடும். சோயாவுக்கு அது போதாது. வித்தை உடைத்து, சூடாக்கி, மெல்லிய அவல்போல் தட்டி, ஹெக்சேன் என்னும் கரைப்பானில் நனைத்து எண்ணெயைக் கரைத்தெடுக்க வேண்டும். பிறகு ஹெக்சேனை ஆவியாக்கி மீட்க வேண்டும். எஞ்சிய பிண்ணாக்கை வறுத்தால் 46 முதல் 48 சதவீதம் வரை புரதம் கொண்ட கோழித் தீவனம் கிடைக்கும். இதற்குப் பெரும் முதலீடும் இடைவிடாத மூலப்பொருளும் தேவை. ஆகவே சோயா ஆலை தொடக்கத்திலிருந்தே பெருமுதலாளியின் தொழிலாக வளர்ந்தது.

இந்தக் கணக்கில் இருந்து ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஆலை முதலாளி வித்துக்கு என்ன விலை கொடுப்பார் என்பதை அந்த 18 கிலோ எண்ணெயின் விலையும் 80 கிலோ பிண்ணாக்கின் விலையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இரண்டின் மதிப்பையும் கூட்டி, ஆலைச் செலவையும் லாபத்தையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் விவசாயிக்கு வரும். எண்ணெயின் விலையை இறக்குமதி வரி தீர்மானிக்கிறது. பிண்ணாக்கின் விலையை உலகச் சந்தையும் மாற்றுத் தீவனங்களும் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டின் மீதும் விவசாயிக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, அரசுக்கு உண்டு. அரசு அதை எப்படிப் பயன்படுத்தியது என்பதைப் பார்ப்போம்.

2024 செப்டம்பரில் சோயா விலை ஆதரவு விலையான 4,892 ரூபாய்க்குக் கீழே சரிந்தபோது, குவிண்டாலுக்கு 6,000 ரூபாய் கேட்டு மத்தியப் பிரதேசமெங்கும் விவசாயிகள் டிராக்டர்களுடன் வீதிக்கு வந்தனர். மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நெருக்கடியில்தான் சுத்திகரிக்காத எண்ணெய் மீதான மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. தேர்தல் முடிந்தது. 2025 மே 30 அன்று அந்த வரி 16.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சோயா விதைப்பு தொடங்கும் தருணத்தில், விவசாயி விதையும் உரமும் வாங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய அறுவடையின் விலையை இறக்கும் முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது.

பிண்ணாக்கின் கதையும் இதுவே. 2021 ஆகஸ்டில் சோயா விலை 10,000 ரூபாயை எட்டியபோது, கோழித் தீவன நிறுவனங்களின் கோரிக்கையை ஏற்று, மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து கிடைத்த 12 லட்சம் டன் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு அனுமதித்தது. புதிய அறுவடை வருவதற்குச் சில வாரங்களே இருந்தன. இப்போது வேறொரு வழியில் அதே அழுத்தம் வருகிறது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்குக்காக மக்காச்சோளமும் அரிசியும் பெருமளவில் எத்தனால் ஆலைகளுக்குச் செல்கின்றன. அங்கு எஞ்சும் உலர்ந்த தானியச் சக்கை மலிவான புரதத் தீவனமாகச் சந்தைக்கு வந்து, சோயா பிண்ணாக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எத்தனால் கொள்கையை வகுத்தவர்கள் சோயா விவசாயியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

தன்னிறைவைக் கைவிட்ட வரலாறு

எண்ணெயில் இந்தியா எப்போதும் அந்நியரை நம்பியே இருந்தது என்று சொல்வது வரலாற்றுக்குப் புறம்பானது. 1986இல் தொடங்கப்பட்ட எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கம், ஆராய்ச்சி, விதை, கொள்முதல், ஆலை ஆகிய நான்கையும் ஒன்றிணைத்தது. இறக்குமதி அரசு வணிகக் கழகத்தின் கையில் இருந்தது. தேசியப் பால்வள வாரியம் எண்ணெய் வித்து விவசாயிகளைக் கூட்டுறவுகளில் திரட்டி, 'தாரா' என்ற பெயரில் எண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சௌராஷ்டிரத்தில் கடலை எண்ணெய்ச் சந்தையை ஆட்டிப்படைத்த 'தேலியா ராஜா'க்கள் எனப்பட்ட பதுக்கல் வணிகர்களின் பிடியை அது அசைத்தது. 1985-86இல் சுமார் 108 லட்சம் டன்னாக இருந்த எண்ணெய் வித்து உற்பத்தி, பத்தாண்டுகளுக்குள் 200 லட்சம் டன்னைத் தாண்டியது. 1990களின் தொடக்கத்தில் நாட்டின் எண்ணெய்த் தேவையில் 97 சதவீதம் உள்நாட்டிலேயே கிடைத்தது.

அந்தச் சாதனையைத் தகர்த்தது நவதாராளமயக் கொள்கை. 1994இல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்த ஆண்டு பிற எண்ணெய்களும் அதைத் தொடர்ந்தன. 65 சதவீதமாக இருந்த வரி 1998இல் 15 சதவீதமாக இறங்கியது. உலக வர்த்தக அமைப்பில் பிற சமையல் எண்ணெய்களுக்கு 300 சதவீதம் வரை வரி விதிக்கும் உரிமையை வைத்துக்கொண்ட இந்தியா, சோயா எண்ணெய்க்கு மட்டும் 45 சதவீத உச்ச வரம்பை ஏற்றுக்கொண்டது. 1998 ஆகஸ்டில் டெல்லியில் கலப்படக் கடுகு எண்ணெயால் 60க்கும் மேற்பட்டோர் இறந்த துயரம், மக்களை உள்ளூர்ச் செக்கு எண்ணெயிலிருந்து பொட்டலமிட்ட எண்ணெயை நோக்கித் தள்ளியது. காங்கிரஸ் தொடங்கிவைத்த பாதையைப் பாஜக அரசுகள் விரைவுபடுத்தின.

இன்று மோடி அரசாங்கம் மீண்டும் தன்னிறைவு பற்றிப் பேசுகிறது. 2021இல் எண்ணெய்ப் பனை இயக்கத்துக்கு 11,040 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் எண்ணெய் வித்து இயக்கத்துக்கு 10,103 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2030-31க்குள் வித்து உற்பத்தியை 390 லட்சம் டன்னிலிருந்து 697 லட்சம் டன்னாக உயர்த்தி, தேவையில் 72 சதவீதத்தை நிறைவு செய்வதே இலக்கு. விதையும் விளைச்சலும் முக்கியமானவையே. இந்தியாவில் சோயா எக்டேருக்குச் சுமார் ஒரு டன் விளையும்போது பிரேசிலில் மூன்று டன்னுக்கு மேல் விளைகிறது. பொதுத்துறை வேளாண் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்காமல் இந்த இடைவெளி மூடாது. ஆனால் ஒரு கையால் விளைச்சலைக் கூட்டச் சொல்லி, மறு கையால் விலையைச் சரியவிட்டால் எந்த விவசாயி அந்தப் பயிரில் நிலைத்திருப்பார்? சோயாவை விட்டு மக்காச்சோளத்துக்கும் நெல்லுக்கும் மாறுவோரின் எண்ணிக்கை கூடிவருவதே இதற்குச் சான்று.

ஆலைகள் யார் கையில்

இறக்குமதிக் கொள்கை ஆலைத் தொழிலின் வடிவத்தையும் மாற்றிவிட்டது. மாள்வா பகுதியிலும் விதர்பாவிலும் வித்தை வாங்கி அரைக்கும் ஆலைகள் தங்கள் திறனில் பாதியைக்கூடப் பயன்படுத்த முடியாமல் நிற்கின்றன. முந்த்ரா, காண்ட்லா, காக்கிநாடா, ஹல்தியா துறைமுகங்களிலோ இறக்குமதி எண்ணெயைச் சுத்திகரிக்கும் பெரும் ஆலைகள் எழுந்துள்ளன. வித்தை அரைப்பதைவிடக் கப்பலில் வரும் எண்ணெயைச் சுத்திகரித்துப் பொட்டலமிடுவது லாபம் தருகிறது. நேபாளத்திலிருந்து வரியின்றி வரும் சுத்திகரித்த எண்ணெயும் இதே வணிகத்தின் இன்னொரு வாசல்தான். அந்த நாட்டின் விளைநிலங்கள் அந்த அளவுக்கு எண்ணெய் தரவல்லவை அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூட்டுறவுகள் நலிந்து மூடப்பட்டன. கடலை, கடுகு எண்ணெயைப் பிழியும் தொழில் சிறுதொழில்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 2015 ஏப்ரலில் அந்த ஒதுக்கீட்டை மோடி அரசாங்கம் ரத்து செய்தது. வில்மர், கார்கில், பங்கே போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் இந்திய எண்ணெய்ச் சந்தையில் வலுவாகக் காலூன்றின. நாட்டின் மிகப் பெரிய சோயா நிறுவனமாக இருந்த ருச்சி சோயா, வங்கிகளுக்கு 9,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வைத்துவிட்டுத் திவாலானது. 2019இல் அது 4,350 கோடி ரூபாய்க்குப் பதஞ்சலி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தத் தொகையின் பெரும்பகுதியையும் பொதுத்துறை வங்கிகளே கடனாக அளித்தன. மக்கள் சேமிப்பின் இழப்பில் ஒரு முதலாளி விடுபட, மற்றொரு முதலாளி ஆலைகளைப் பெற்றார். சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக விவசாயியின் நிலத்தை ஏலம் விடும் அமைப்பு, பெருமுதலாளிகளிடம் காட்டும் கருணை இது.

இந்த ஆலைகளில் உழைப்போரின் நிலை பற்றிப் பேசுவோர் குறைவு. ஹெக்சேன் ஆவி ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. அதைச் சூழ்ந்த பணிகளில் பருவகால ஒப்பந்தத் தொழிலாளர்கள் அமர்த்தப்படுகின்றனர். நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்கூடம் 'தொழிற்சாலை' ஆவதற்கான வரம்பை 10 தொழிலாளர்களிலிருந்து 20 ஆகவும், ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பை 20லிருந்து 50 ஆகவும் உயர்த்தியுள்ளன. சிறு எண்ணெய் ஆலைகள் தொழிற்சாலை விதிகளுக்கு வெளியே செல்கின்றன. பெரிய ஆலைகளோ ஒப்பந்தக்காரர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துக்காட்டித் தப்பிக்க வழி பிறக்கிறது. வித்து விளைவிப்பவரையும் வித்தை அரைப்பவரையும் சுரண்டுவது ஒரே மூலதனம்தான்.

பவாந்தர்: யாருக்கு மானியம்?

கொள்முதல் செய்வதற்குப் பதிலாக, மத்தியப் பிரதேச பாஜக அரசு இந்த ஆண்டு 'பவாந்தர்' என்னும் விலை வேறுபாட்டுத் திட்டத்தைச் சோயாவுக்கு மீண்டும் கொண்டுவந்துள்ளது. இதன்படி விவசாயி தன் விளைச்சலைத் தனியார் வியாபாரியிடம் விற்க வேண்டும். ஆதரவு விலைக்கும் அரசு கணக்கிடும் சராசரி விலைக்கும் உள்ள வேறுபாட்டை அரசு அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்தும். மேலோட்டமாகப் பார்த்தால் விவசாயிக்கு நட்டமில்லை என்று தோன்றும்.

உண்மை வேறு. சராசரிக்கும் கீழே விற்க நேர்ந்தவருக்கு மீதி இழப்பு அவருடையதே. சிறு விவசாயியின் ஈரமான, உடைந்த மணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் சராசரிக்குக் கீழான விலைதான். குத்தகைதாரரும் பங்குக்கு உழுபவரும் நிலப் பதிவேட்டில் இல்லாததால் பதிவு செய்ய முடியாமல் தவிக்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறுபாட்டை அரசு தரப்போகிறது என்று தெரிந்தபின் வியாபாரி விலையை உயர்த்த என்ன அவசியம்? 2017இல் மந்த்சோரில் நியாய விலை கேட்ட விவசாயிகள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய பிறகு, மக்கள் கோபத்தைத் தணிக்க இதே திட்டம் கொண்டுவரப்பட்டது. அது தொடங்கியதும் மண்டி விலைகள் மேலும் சரிந்ததை விவசாயிகள் மறக்கவில்லை. கருவூலத்திலிருந்து செல்லும் பணம் விவசாயியின் கணக்கைத் தொட்டுவிட்டு, மலிவு மூலப்பொருளாக ஆலை முதலாளியைச் சென்றடைகிறது.

ஆதரவு விலையே போதுமானதன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 5,328 ரூபாய் என்பது 3,552 ரூபாய் செலவின் ஒன்றரை மடங்கு என்று ஒன்றிய அரசு கணக்குக் காட்டுகிறது. இந்தச் செலவில் சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் சொந்த முதலீட்டின் வட்டியும் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையம் பரிந்துரைத்தபடி முழுச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து வழங்க வேண்டும் என்பதுதான் சம்யுக்த கிசான் மோர்ச்சாவின் கோரிக்கை.

புரதம் யாருக்கு

சோயா வித்தில் எண்ணெயைவிடப் பிண்ணாக்கே அதிகம். அதில் பாதிக்கு அருகில் புரதம். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்கின்றனர். நாட்டில் சோயா அதிகம் விளையும் மாநிலமான மத்தியப் பிரதேசம், குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவில் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. அங்கு விளையும் புரதம் கோழித் தீவனமாகி, முட்டையாகி, வாங்கும் சக்தி உள்ளோரின் தட்டுக்குச் செல்கிறது. எஞ்சியது ஏற்றுமதியாகிறது. 2015இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கும் யோசனை எழுந்தபோது அதை நிராகரித்தவர் அன்றைய முதலமைச்சர் சிவராஜ் சிங் சவுகான். அவரே இன்று ஒன்றிய வேளாண் அமைச்சர். சங் பரிவாரத்தின் உணவு அரசியல், வித்து விளையும் கிராமத்துக் குழந்தைக்கே அதன் பயன் சேராமல் தடுத்தது.

உணவுத் தரத்தில் பதப்படுத்திய சோயா மாவும், தமிழ்நாட்டு மக்கள் 'மீல் மேக்கர்' என்று அழைக்கும் சோயா உருண்டைகளும் இதே ஆலைகளில் உருவாகக்கூடியவை. ரேஷன் கடைகள், அங்கன்வாடிகள், பள்ளி மதிய உணவு ஆகியவற்றுக்கு அரசு இவற்றைக் கொள்முதல் செய்தால் விவசாயிக்கு நிலையான சந்தையும் குழந்தைக்குப் புரதமும் கிடைக்கும். முட்டைக்கு மாற்றாக இதைச் சொல்லத் தேவையில்லை, இரண்டும் வேண்டும்.

வாஷிங்டனின் நிர்ப்பந்தம்

இந்தச் சூழலில்தான் அமெரிக்காவுடன் வர்த்தகப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி விதித்த டிரம்ப் நிர்வாகம், அதையே ஆயுதமாகக் கொண்டு இந்திய வேளாண் சந்தையைத் திறக்கச் சொன்னது. வர்த்தகப் போரில் சீனா அமெரிக்க சோயாவை வாங்குவதை 2025இல் மாதக்கணக்கில் நிறுத்தியதால், தேங்கிய வித்துக்கும் மக்காச்சோளத்துக்கும் எத்தனால் சக்கைக்கும் வேறு சந்தை தேட வேண்டிய அவசியம் அதற்கு ஏற்பட்டது. பெரும் மானியம் பெறும், ஆயிரக்கணக்கான ஏக்கரில் இயந்திரங்களால் நடத்தப்படும் அமெரிக்கப் பண்ணையோடு, இரண்டு ஏக்கரை மழையை நம்பி உழும் விதர்பா விவசாயியைப் போட்டியிடச் சொல்வது போட்டியே ஆகாது. எண்ணெய் வழியாகவோ, பிண்ணாக்கு வழியாகவோ, சக்கை வழியாகவோ எந்த வாசல் திறக்கப்பட்டாலும் விளைவு ஒன்றே: ஆலை வாசலில் வித்தின் விலை இன்னும் இறங்கும். விவசாயிகளின் நலனில் சமரசம் இல்லை என்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் பேசியது பேச்சுவார்த்தை மேசையிலும் நிலைக்க வேண்டும். பேச்சுவார்த்தையின் விவரங்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

நுகர்வோரையும் விவசாயியையும் எதிரெதிரே நிறுத்தாதே

இறக்குமதி வரியைக் குறைக்கும்போதெல்லாம் நுகர்வோர் நலனையே ஒன்றிய அரசு காரணமாகச் சொல்கிறது. வரிக் குறைப்பின் பலன் நுகர்வோரிடம் முழுமையாகச் சேர்வதை உறுதி செய்ய அதனிடம் எந்த ஏற்பாடும் இல்லை. பொட்டல எண்ணெயின் விலையைச் சில நிறுவனங்கள் தீர்மானிக்கும் சந்தையில், குறைந்த வரி முதலில் அவர்களுடைய லாபமாகவே மாறும். ஏழைக்கு மலிவு எண்ணெய் கிடைக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அதற்குரிய வழி பொது விநியோக முறை. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. அந்த மானியம் உள்நாட்டுக் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் விரிய வேண்டும் என்று தமிழக விவசாயிகள் கேட்பது, சோயாவுக்கும் கடுகுக்கும் நாடெங்கும் பொருந்தும் கோரிக்கையே.

சோயா, கடுகு, நிலக்கடலை உள்ளிட்ட எல்லா எண்ணெய் வித்துகளுக்கும் முழுச் செலவோடு 50 சதவீதம் சேர்த்த விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும். பவாந்தரைக் கைவிட்டு, குத்தகைதாரர்களையும் உள்ளடக்கிய நேரடிக் கொள்முதல் தொடங்க வேண்டும். இறக்குமதி வரி, உள்நாட்டு வித்தின் விலை ஆதரவு விலைக்குக் கீழே இறங்காதவாறு விதைப்புக்கு முன்பே நிர்ணயிக்கப்பட வேண்டும். எண்ணெய் இறக்குமதியில் பொதுத்துறையின் பங்கு மீட்கப்பட வேண்டும். மூடிக் கிடக்கும் கூட்டுறவு ஆலைகளுக்குப் புத்துயிர் அளித்து, எண்ணெயையும் புரத உணவையும் ரேஷன் வழியே வழங்க வேண்டும். ஆலைத் தொழிலாளரின் பாதுகாப்பைப் பறிக்கும் சட்டத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளில் எதுவும் கருணையால் கிடைக்காது. 2024 செப்டம்பரில் வரியை உயர்த்த வைத்தவர்கள் வீதிக்கு வந்த சோயா விவசாயிகள். அதற்கும் முன்பு மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறவைத்ததும் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் நீடித்த போராட்டமே. மாள்வாவின் சோயா விவசாயியும், ராஜஸ்தானின் கடுகு விவசாயியும், எண்ணெய் ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளியும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் குடும்பமும் ஒரே அணியாகத் திரளும்போதுதான் இந்தக் கொள்கையை மாற்ற முடியும். அந்த ஒற்றுமையைக் கட்டும் பணியில் இடது ஜனநாயக சக்திகள் முழு வீச்சோடு இறங்க வேண்டிய தருணம் இது.